ஹெர்மிஸ் ஏன் மூழ்கிற்று?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயலும் காடும் கலந்த நிலப்பரப்பில் உன்னிச்சைக் குளம் அமைந்துள்ளது. அதன் கீழ் வேளாண்மை செய்யும் குடிகளுக்கு மாரிக்காலத்து இரவு எத்தகையது என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மழை ஓயாது பெய்யும். நீர் மட்டம் விரற்கடை விரற்கடையாக ஏறும். குளக்கட்டில் காவல் வைக்கப்படும். கட்டைக் காப்பதற்கு மூன்று வேண்டும் என்பர் பெரியோர். நீர் ஏறுவதைக் கண்டு சொல்லும் காவற்காரன் ஒன்று. கசிவு கண்ட இடத்துக்கு மண்மூட்டையும் கம்பும் கொண்டு விரைந்து வரும் ஆட்கள் இரண்டு. எந்தத் துருசை எப்பொழுது திறப்பது என்று அறிந்த வட்டவிதானையின் கட்டளை மூன்று. காவற்காரன் இமைகொட்டாது விழித்திருந்தாலும், மற்றை இரண்டும் காலத்தில் வந்து சேராவிடின் கட்டு உடைவது திண்ணம்.

குளக்கட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை கடலுக்கும் பொருந்தும். மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், சுமார் 50 மீற்றர் ஆழத்தில், சேற்றிலும் மணலிலும் புதைந்து கிடக்கும் ஒரு பெருங்கப்பல் அதற்குச் சான்று கூறுகின்றது. அதன் பெயர் ஹெர்மிஸ். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9ஆந் திகதி, வியாழக்கிழமை முற்பகலில், யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சால் அது மூழ்கிற்று. தாக்குதல் தொடங்கிய பின் அது நீர்மேல் நின்ற நேரம் ஏறக்குறைய இருபது நிமிடமே. அவ்வொரு வாரத்தில் இலங்கையைச் சூழ்ந்த கடலில் பிரித்தானியக் கடற்படை இழந்த போர்க்கலங்களுள் ஹெர்மிஸ் ஒன்று மட்டுமன்று. ஒரு விமானந்தாங்கிக் கப்பல், இரண்டு பெருங் குரூசர்கள், இரண்டு நாசகாரிகள், படைக்கலம் பூட்டிய வணிகக் கப்பல் ஒன்று, சிறு காவற்கப்பல் ஒன்று என இழப்பின் பட்டியல் நீளுகின்றது. உலகக் கடல்களை ஆண்டதாகப் பெயர் பெற்ற ஒரு கடற்படைக்கு இத்துணைப் பேரிழப்பு நேர்ந்தமைக்குக் காரணம் யாது?

எதிர்பாராத வேளையில் பகைவன் பாய்ந்தான் என்பது பலரும் கூறும் விடை. அவ்விடை உண்மையன்று. பகைவன் வருவான் என்பது முன்னரே தெரிந்திருந்தது. வந்துகொண்டிருந்த பொழுது கண்ணாலும் காணப்பட்டான். அறிந்திருந்தும் இழந்தனர் என்பதே இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது.

போரின் பின்னணியைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். 1941 டிசெம்பர் 7ஆந் திகதி யப்பானிய விமானங்கள் ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. மூன்று நாட்களின் பின், டிசெம்பர் 10ஆந் திகதி, மலாயாவின் கிழக்குக் கரையில் குவாந்தான் நகருக்கு அப்பால் பிரின்ஸ் ஒவ் வேல்ஸ், றிப்பல்ஸ் என்னும் இரு பெரும் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் விமானத் தாக்குதலால் மூழ்கின. அவற்றுடன் மாண்டவர் தொகை சுமார் 840. அக்கப்பல்களுக்கு மேலே காவல் நிற்க ஒரு சண்டை விமானமேனும் அப்பொழுது இருக்கவில்லை. 1942 பெப்பிரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. யாவாக் கடலிற் போரிட்ட நேச நாட்டுக் கப்பல்களும் அம்மாத இறுதியில் அழிந்தன. வங்காள விரிகுடாவின் கீழ்க்கரையிற் பெரும்பகுதி பகைவர் கைப்படலாயிற்று. பிரித்தானியருக்கு இந்து சமுத்திரத்தில் எஞ்சிய முக்கிய துறைமுகங்களுள் கொழும்பும் திருகோணமலையும் அடங்கின. இவை போயின், இந்தியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் செல்லும் கடற்பாதை அறுபடும் நிலை. ஆகவே இலங்கை, அதன் மக்கள் விரும்பினும் விரும்பாவிடினும், உலகப் போரின் வாசலில் வந்து நின்றது.

இவ்வாசலைக் காக்க அனுப்பப்பட்டவர் அட்மிரல் சர் ஜேம்ஸ் சோமவில். மார்ச்சு மாத இறுதியிலேதான் அவர் கீழைக் கடற்படையின் தலைமையை ஏற்றார். அவர் கீழ் 5 பெரும் போர்க்கப்பல்கள், 3 விமானந்தாங்கிக் கப்பல்கள், குரூசர்கள், நாசகாரிகள் ஆகியன இருந்தன. எண்ணிக்கையளவில் இது சிறுபடை என்று எவரும் சொல்லார். ஆயினும் எண்ணிக்கை ஒருபுறம், ஆற்றல் மற்றொரு புறம். ஐந்து போர்க்கப்பல்களும் முதலாம் உலகப் போர்க்காலத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் நான்கு மெதுவாகச் செல்வன. நெடுந்தூரம் ஓடுவதற்கு வேண்டிய நன்னீரையும் எரிபொருளையும் தாங்கும் வசதி குறைந்தன. மேலும், அப்படையிலுள்ள கப்பல்கள் ஒன்று கூடியது அப்பொழுதுதான். ஒன்றாக இயங்கிப் பழகுவதற்கு அவற்றுக்குக் காலம் கிடைக்கவில்லை.

அவர்களை நோக்கி வந்த யப்பானியப் படையின் தலைவர் வைஸ் அட்மிரல் நகுமோ. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியவரும் அவரே. அக்காகி, சோரியு, ஹிரியு, சொக்காக்கு, சுய்க்காக்கு என்னும் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் அவருடன் வந்தன. அவற்றிலிருந்த விமானங்கள் முந்நூறை அணுகின. சோமவிலின் மூன்று தாங்கிக் கப்பல்களிலும் இருந்தவற்றைச் சேர்த்து எண்ணினும் இதில் மூன்றில் ஒரு பங்களவே தேறும். தரத்தின் வேற்றுமையோ இதனிலும் பெரிது. பிரித்தானியக் கப்பல்களில் இருந்த சுவோட்பிஷ், அல்பக்கோர் என்னும் விமானங்கள் இரட்டைச் சிறகு கொண்ட பழைய அமைப்பினை உடையன; மெல்லப் பறப்பன. இரவில் மறைந்து சென்று டோர்ப்பிடோவை எறிவதில் அவை கைதேர்ந்தன. பகலில் விரைந்து வரும் பகை விமானத்தை எதிர்ப்பது அவற்றால் ஆகாத செயல்.

இக்குறை எவ்வாறு நேர்ந்தது? அதன் வேர் இருபதாண்டுக்கு முந்தியது. 1918இல் பிரித்தானிய ஆகாயப்படை தனிப்படையாக அமைக்கப்பட்ட பொழுது, கப்பல்களிற் பறக்கும் விமானங்களும் அதன் பொறுப்பிலே விடப்பட்டன. கடற்படையே அவற்றை மீண்டும் ஏற்க வேண்டும் என்னும் முடிவு 1937இல் எடுக்கப்பட்டு, 1939இல் முற்றாக நிறைவேறிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் கப்பல் விமானம் இரு வீட்டுக்கும் உரிமையில்லாத பிள்ளைபோல் வளர்ந்தது. யப்பான் வேறு வழியிற் சென்றது. 1921இல் செம்பில் என்பவரின் தலைமையிலே பிரித்தானிய விமானிகள் குழுவொன்று யப்பானுக்குச் சென்று, கடற்படை விமானத் தொழிலை அந்நாட்டவர்க்குக் கற்பித்தது. கற்றவர்கள் கற்றதோடு அமையவில்லை. 1941 ஏப்பிரலில் தம் பெருந் தாங்கிக் கப்பல்களையெல்லாம் ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவந்து, நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களை ஒரே வேளையில் ஓரிடத்தில் ஏவும் முறையை வகுத்துக்கொண்டனர். பிரித்தானியரோ தாங்கிக் கப்பலைப் பெரும் போர்க்கப்பலுக்குத் துணையாக, ஒன்றிங்கும் ஒன்றங்குமாகப் பயன்படுத்தி வந்தனர்.

ஹெர்மிஸ் கப்பலின் கதையிலும் இவ்வேற்றுமை தெரிகின்றது. விமானந்தாங்கிக் கப்பலாகவே கருதி, தொடக்கம் முதல் அதற்கென்றே வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அதுவாகும். 1919இல் அது நீரில் இறக்கப்பட்டது. ஆனால் வேலை மெல்ல நடந்து, 1924இலேதான் பணிக்கு வந்தது. பிந்தித் தொடங்கிய யப்பானியரின் ஹோசோ என்னும் கப்பல் 1922 டிசெம்பரிலேயே பணியேற்றுவிட்டது. 1942இல் ஹெர்மிஸ் முதுமை எய்திய கப்பல். அதன் வேகம் மணிக்கு 25 கடல் மைல். பன்னிரண்டு விமானங்களளவே அது கொண்டுசென்றது. வானை நோக்கிச் சுடவல்ல நான்கு அங்குலப் பீரங்கிகள் மூன்றே அதில் இருந்தன. சீனக் கடலிலும் ஆபிரிக்கக் கரையிலும் அது ஆற்றிய சேவை பெரிது. எனினும், எண்பது விமானங்கள் ஒருங்கே பாயும் காலத்துக்கென்று அது கட்டப்படவில்லை.

இனி அவ்வேப்பிரல் மாதத்து நிகழ்ச்சிகளை முறைப்படி காண்போம்.

யப்பானியரின் மறைமொழிச் செய்திகள் சிலவற்றைக் கண்டறிந்த பிரித்தானியர், ஏப்பிரல் முதலாந் திகதியளவில் இலங்கை தாக்கப்படும் என்று எதிர்பார்த்தனர். சோமவில் தம் கப்பல்களையெல்லாம் திரட்டிக்கொண்டு இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். அவர் வகுத்த உபாயம் அறிவுடையது. பகற்பொழுதில் பகைவனின் விமானங்களுக்கு எட்டாத் தூரத்தில் ஒதுங்கியிருத்தல். இரவிலே நெருங்கிச் சென்று டோர்ப்பிடோ விமானங்களை ஏவுதல். மார்ச்சு 31 முதல் ஏப்பிரல் 2 வரை அவ்வாறே காத்திருந்தார். பகைவன் வரவில்லை. பழங்கப்பல்களில் நன்னீரும் எரிபொருளும் குறைந்தன. செய்தி பிழையாயிருக்கலாம் என்னும் எண்ணம் தலைதூக்கிற்று. ஆகவே அவர் இலங்கைக்குத் தென்மேற்கே சுமார் 600 கடல் மைல் தொலைவில், மாலைதீவுக் கூட்டத்தின் தென்கோடியிலுள்ள அட்டு என்னும் மறைவுத் துறைக்கு எண்ணெய் நிரப்பச் சென்றார்.

அதனோடு மற்றொன்றும் செய்தார். திரண்டிருந்த படையிலிருந்து சில கப்பல்களை அவற்றின் வழக்கமான அலுவல்களுக்கு அனுப்பினார். டோர்செற்சயர் என்னும் குரூசர் பழுது பார்க்கும் வேலையைத் தொடர்வதற்காகக் கொழும்புக்குச் சென்றது. கோண்வால் என்னும் குரூசரும், வரவிருந்த துருப்புக் கப்பல்களுக்குத் துணை செல்லும் பொருட்டுக் கொழும்பை அடைந்தது. ஹெர்மிஸ் மடகஸ்கார்த் தீவின்மேல் நடத்தக் கருதிய படையெடுப்புக்கு ஆயத்தஞ் செய்யத் திருகோணமலைக்குச் சென்றது. வாம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரி அதற்குத் துணையாகச் சென்றது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் உண்டு. ஆனால் நியாயமான சிறு கட்டளைகள் பல சேர்ந்து, படையின் வலிமையைக் கலைத்துவிட்டன. பின்னர் மூழ்கிய பெருங்கப்பல்கள் மூன்றும் இவ்வாறு பிரித்தனுப்பப்பட்ட கப்பல்களே என்பது குறிப்பிடத்தக்கது.

ஏப்பிரல் 4ஆந் திகதி பிற்பகல். காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை ஏரியிலிருந்து அன்று அதிகாலை புறப்பட்ட கற்றலீனா என்னும் பறக்கும் படகொன்று, இலங்கைக்குத் தென்கிழக்கே கடலின்மேல் காவல் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் கனடா நாட்டு விமானி லெனார்ட் பேர்ச்சல். அவர் இலங்கைக்கு வந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன. அடிவானிற் புள்ளிகளாகத் தோன்றியவற்றை அவர் நெருங்கிச் சென்று நோக்கினார். நகுமோவின் படை முழுவதும் அங்கே இருந்தது. யப்பானியச் சண்டை விமானங்கள் பாய்ந்து வந்து சுடத் தொடங்கின. விமானம் எரிந்துகொண்டு கடலில் வீழுமுன் செய்தி வானொலியிற் சென்றுவிட்டது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிர் தப்பிச் சிறைப்பட்டனர். காவற்காரன் தன் கடமையைக் குறைவறச் செய்தான்.

செய்தி கிடைத்ததும் கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. மறுநாள் ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணியளவில் சுமார் 125 யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முதல்நாளே செய்தி வந்திருந்தும், விமானங்கள் நெருங்கி வருவதை அறியும் ஏற்பாடு அக்காலையில் பயன்படாது போயிற்று. இரத்மலானையில் சண்டை விமானங்கள் தரையில் நின்றபோதே பகைவர் தலைக்கு மேல் வந்துவிட்டனர். பிரித்தானியர் இழந்த விமானங்கள் இருபதுக்கு மேல். யப்பானியர் இழந்தவை ஏழு. துறைமுகத்தில் தெனடோஸ் என்னும் நாசகாரியும், ஹெக்டர் என்னும் படைக்கலம் பூட்டிய வணிகக் கப்பலும் மூழ்கின. துறைமுகம் முன்னரே வெறுமையாக்கப்படாதிருப்பின் இழப்பு பன்மடங்காகியிருக்கும்.

ஆயினும் வெளியேறிய கப்பல்களுக்கு வெளியிலே காவல் இருந்ததா? டோர்செற்சயரும் கோண்வாலும் சோமவிலின் படையோடு சேர்வதற்காக முந்திய இரவு கொழும்பை விட்டுத் தெற்கே விரைந்தன. அவற்றின் வழி பகைவனின் வழிக்கு அண்மையதாயிற்று. மேலே சண்டை விமானம் எதுவும் இல்லை. அன்று பிற்பகல், இலங்கைக்குத் தென்மேற்கே சுமார் 200 மைல் தொலைவில், 53 விமானங்கள் வெயிலின் திசையிலிருந்து குத்திட்டுப் பாய்ந்தன. டோர்செற்சயர் எட்டு நிமிடத்தில் மூழ்கிற்று. கோண்வால் அதனைத் தொடர்ந்தது. 424 பேர் மாண்டனர். எஞ்சிய 1,122 பேர் எண்ணெய் படிந்த கடலில், சுடும் வெயிலிலும் இரவின் இருளிலும் ஏறக்குறைய முப்பது மணி நேரம் மிதந்தனர். மறுநாள் மாலையிலே என்ரர்பிறைஸ் என்னும் குரூசரும் இரண்டு நாசகாரிகளும் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டன.

அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் அட்மிரல் ஒசாவாவின் தலைமையில் வந்த மற்றொரு யப்பானியப் படை, துணையின்றிச் சென்ற வணிகக் கப்பல்களை வேட்டையாடிற்று. இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. அவற்றின் நிறை ஒரு லட்சந் தொன்னைத் தாண்டிற்று. ஏப்பிரல் 6ஆந் திகதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வீச்சுக்கு உள்ளாயின. சென்னை நகரத்து மக்கள் திரள் திரளாக ஊரைவிட்டு உள்நாட்டுக்குச் சென்றதும் அக்காலத்திலேதான்.

ஏப்பிரல் 8ஆந் திகதி மற்றொரு கற்றலீனா, யப்பானியப் படை இலங்கைக்குக் கிழக்கே நிற்பதைக் கண்டு அறிவித்தது. அடுத்த குறி திருகோணமலை என்பது விளங்கிற்று. அன்றிரவே துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேறின. ஹெர்மிஸ், வாம்பயர், ஹொலிஹொக் என்னும் சிறு காவற்கப்பல், எண்ணெய்க் கப்பல்கள் முதலியன கரையை ஒட்டித் தெற்கு நோக்கிச் சென்றன. ஹெர்மிஸின் விமானங்கள் கரையிலே விடப்பட்டிருந்தன. விமானந்தாங்கிக் கப்பல் ஒரு விமானமுமின்றிக் கடலிற் சென்றது. அவ்விமானங்கள் இருந்திருந்தால் கப்பல் பிழைத்திருக்குமோ என்று நேயர்கள் வினவலாம். அவை டோர்ப்பிடோ எறியும் சுவோட்பிஷ் விமானங்கள். பகை விமானத்தோடு வானிற் பொரும் சண்டை விமானங்கள் அல்ல. ஆதலின் அவை இருந்திருப்பினும் பயன் சிறிதே. ஹெர்மிஸுக்கு வேண்டியிருந்தது கரையிலிருந்து வரும் காவல்.

9ஆந் திகதி காலை ஏழு மணியளவில் திருகோணமலை தாக்கப்பட்டது. இம்முறை றேடார் முன்கூட்டியே அறிவித்தமையால், சீனக்குடா நிலையத்துச் சண்டை விமானங்கள் மேலெழுந்து போரிட்டன. ஆனால் பலவற்றை இழந்தன. துறைமுகமும் விமானத்தளமும் பெருஞ்சேதமுற்றன. அப்பொழுது ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றிற்று. திருகோணமலையின் காவல் வட்டத்துக்குத் திரும்பி வருமாறு அதற்குக் கட்டளையும் கிடைத்தது. ஆனால் ஒன்பது மணிக்குச் சற்று முன், ஹறுணா என்னும் யப்பானியப் போர்க்கப்பலிலிருந்து வந்த கடல் விமானமொன்று அதனைக் கண்டுவிட்டது. அவ்விமானம் அனுப்பிய செய்தி பிரித்தானியர் காதிலும் விழுந்தது. இனித் தாக்குதல் வரும் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. இங்கும் எச்சரிக்கைக்குக் குறைவில்லை.

குறைந்தது காவலே. திருகோணமலைச் சண்டை விமானங்கள் காலைப் போரில் நலிந்திருந்தன. உதவி இரத்மலானையிலிருந்து, அஃதாவது தீவின் மறுகரையிலிருந்து, மலைநாட்டைக் கடந்து வரவேண்டியதாயிற்று. அங்கிருந்து புறப்பட்ட புல்மார் விமானங்கள் கிழக்குக் கடலை அடைவதற்குள் 85 யப்பானிய விமானங்கள் வந்துவிட்டன. முற்பகல் பத்தரை மணிக்குச் சற்றுப் பின் தாக்குதல் தொடங்கிற்று. ஒன்றன்பின் ஒன்றாக, குத்திட்டுப் பாய்ந்து குண்டெறிந்தன. சுமார் நாற்பது குண்டுகள் ஹெர்மிஸைத் தாக்கின என்பது கணக்கு. கப்பல் ஒருபுறஞ் சாய்ந்தது; பீரங்கியாளர் நீர் ஏறும்வரை சுட்டுக்கொண்டிருந்தனர். பதினொரு மணிக்கு முன் அது மூழ்கிற்று. கப்பல் தலைவர் றிச்சர்ட் ஒன்ஸ்லோவும் முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகளும் அதனோடு மாண்டனர். அடுத்து வாம்பயர் இரண்டாகப் பிளந்து மூழ்கிற்று. அதன் தலைவர் வில்லியம் மோறனும் உயிர் துறந்தார். ஹொலிஹொக் கப்பலில் ஐம்பது பேரளவு மாண்டனர். அதெல்ஸ்ரேன், பிரிட்டிஷ் சார்ஜன்ற் என்னும் எண்ணெய்க் கப்பல்களும் அதே கரையில் மூழ்கின. புல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தபோது ஹெர்மிஸ் நீர்மேல் இல்லை. பிந்தி வந்தும் அவை பின்வாங்காது போரிட்டுத் தம்மிற் சிலவற்றை இழந்தன.

மட்டக்களப்பு வெளிச்சவீட்டின் உச்சியில் நின்று நோக்குவார்க்கு அவ்விடம் கண்ணுக்கெட்டாத தொலைவன்று. சித்திரைப் புத்தாண்டுக்கு ஐந்து நாள் முன்னர், கரையோரத்துக் குடிகளின் கடலில் இவ்வளவும் நடந்து முடிந்தன. அவ்வேளையில் திருகோணமலையிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த விற்றா என்னும் வைத்தியக் கப்பல், நீரில் தத்தளித்தோருள் ஏறக்குறைய அறுநூறு பேரை ஏற்றிக் காப்பாற்றிற்று. வேறு சிலர் நீந்தியே கரை சேர்ந்தனர். கரைக்கு அண்மையில் நிகழ்ந்தமையால் உயிர் பிழைத்தோர் தொகை கூடிற்று என்பதே அந்நாளிற் கிடைத்த ஆறுதல்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், இழப்புக்குக் காரணங்கள் நான்கு எனலாம். முதலாவது, கடற்போர் பீரங்கியிலிருந்து விமானத்துக்கு மாறிவிட்டதை உணர்ந்தும், அதற்கேற்ற விமானங்களைக் காலத்தில் ஆயத்தஞ் செய்யாமை. இரண்டாவது, பகைவன் தன் வலிமையை ஓரிடத்திற் குவித்த வேளையில், தம் வலிமையைப் பலவிடங்களிற் பிரித்தமை. மூன்றாவது, குறித்த நாளிற் பகைவன் வராமையால் அவன் வரமாட்டான் என்று எண்ணிக் கட்டுக்காவலைத் தளர்த்தியமை. நான்காவது, துறைமுகத்தை விட்டு வெளியேறுதலே பாதுகாப்பு என்று கருதி, வெளியேறிய கப்பல்களின் தலைக்குமேல் காவல் வைக்க இயலாமற் போனமை. இந்நான்கிலும் கடைசியே உடனடிக் காரணம்; முதலாவதே ஆணிவேர்.

சோமவிலைக் குறைகூறுவோர் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் முதன்மைப் படையை அவர் பகைவனிடம் சிக்கவிடவில்லை. இரண்டு பெருந் தாங்கிக் கப்பல்களும் ஐந்து போர்க்கப்பல்களும் தப்பின. பழங்கப்பல்களைக் கிழக்காபிரிக்காவுக்கு அனுப்பினார். விரைவுடையவற்றோடு பம்பாய்க்குச் சென்றார். அக்கடலை விட்டு ஒதுங்கியது மானக்கேடாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் விமானக் காவலின்றிப் பகலிற் போர் தொடுத்திருப்பின், குவாந்தானில் நேர்ந்தது பன்மடங்காக மீண்டும் நேர்ந்திருக்கும். நட்டத்தை அளவோடு நிறுத்துதலும் தலைமைக்கு வேண்டிய குணமே.

வென்றவர் இவ்வரலாற்றிலிருந்து என்ன கற்றனர்? அதுவும் அறியத்தக்கது. ஏப்பிரல் 5ஆந் திகதி, கொழும்பை மீண்டும் தாக்குவதற்காக நகுமோ தம் விமானங்களிற் படைக்கலங்களை மாற்றச் சொன்னார். குரூசர்கள் காணப்பட்டதாகச் செய்தி வந்ததும் அக்கட்டளையை மாற்ற நேர்ந்து குழப்பம் விளைந்தது. 9ஆந் திகதி கொழும்பிலிருந்து சென்ற ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள், யப்பானியர் எவரும் காணாத வகையில் அவர்களின் தலைக்கு மேலே வந்து அக்காகிக்கு அருகே குண்டுகளை வீழ்த்தின. குண்டுகள் குறி தவறின. ஒன்பதில் ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. குறி தவறியதனால் யப்பானியர் அவ்வெச்சரிக்கையைப் பெரிதாக எண்ணவில்லை. இரண்டு மாதங்கூடச் செல்லவில்லை. 1942 யூன் 4ஆந் திகதி, பசுபிக் சமுத்திரத்தில் மிட்வே தீவுக்கு அருகே, அதே நகுமோ அதேபோன்று படைக்கலங்களை மாற்றும் குழப்பத்தில் ஆழ்ந்திருந்த வேளையில், அமெரிக்க விமானங்கள் தலைக்கு மேல் வந்தன. இலங்கைக்கு வந்த அக்காகி, சோரியு, ஹிரியு ஆகியவற்றோடு காகா என்னும் கப்பலும் அப்போரிலே அழிந்தன. தோற்றவனுக்குப் பாடம் வலியோடு வருகின்றது. வென்றவனுக்கோ அது வெற்றியின் மகிழ்ச்சியில் மறைந்துவிடுகின்றது.

போர்கள் முடிந்தன. 2009இல் உள்நாட்டுப் போர் ஓய்ந்த பின், ஹெர்மிஸ் கிடக்குமிடத்துக்குச் சுழியோடிகள் அச்சமின்றிச் சென்று வருகின்றனர். பீரங்கிகளின்மேல் பவளமும் பாசியும் படர்ந்துள்ளன. மீன் கூட்டங்கள் அதனை வீடாகக் கொண்டுள்ளன. முந்நூறு மனிதரின் கல்லறையும் அதுவேயாகையால், கடலோடுவோர் அவ்விடத்தை மரியாதையோடு கடத்தல் முறையாகும். அவர்கள் நாடு வேறு, மொழி வேறு. எனினும் உடல் தங்கியது மட்டக்களப்புக் கடலிலேதான்.

உன்னிச்சைக் குளக்கட்டில் மாரி இரவிலே காவல் நிற்பவன் கூவும் குரல் ஊர்வரை கேட்கும். குரல் கேட்டதும் போடியாரும் கூலியாளும் ஒருங்கே எழுந்து ஓடினால் கட்டு நிற்கும். கேட்டும், ஆட்கள் வேறு வேறு வேலைக்குப் போயிருந்தால், குரல் காற்றோடு போம். 1942இல் இலங்கைக் கடலிற் காவற்காரர் கூவினர்; நன்றாகவே கூவினர். அக்குரலுக்கு எழுந்து வர வேண்டிய துணையோ தீவின் மறுகரையில் இருந்தது. ஹெர்மிஸ் மூழ்கியதன் காரணம் அதுவே. கண்டு சொல்வார் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது, கேட்டவுடன் வந்து நிற்பார் பலர் அருகிலேயே இருத்தல் வேண்டும் என்பதை, கடலைக் காப்பவர் மட்டுமன்றிக் குளத்தையும் ஊரையும் காப்பவரும் மனத்திற் கொள்வாராக.